விழுப்புரம் பஸ்ஸில் அக்கா சொன்னது

எங்கள் அக்காவுக்கு மைக் தேவைப்படாத குரல். பேச்சுப் போட்டி என்றால் திண்டிவனத்துப் பள்ளியில் அவள் பெயரைத்தான் முதலில் எழுதுவார்கள். அவள் பிளஸ் ஒன் படித்த வருஷம், எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது, அந்தக் குரல் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனது.

தலை வாரமாட்டாள். சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போவாள். காலையில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருப்பாள், பஸ் போய்விடும். அப்பா அதட்டிப் பார்த்தார். அத்தை சொன்னாள் என்று அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய்வந்தோம். பிறகு வகுப்பு டீச்சர் போனில் அம்மாவிடம் நெடுநேரம் பேசினார். மறுநாளே அம்மா விழுப்புரத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

"யார்கிட்டயும் மூச்சு வுடாத. நாளைக்குப் பொண்ணு கேட்டு எவன் வருவான்?" என்றார் அப்பா.

வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் அம்மா அக்காவோடு என்னையும் கூட்டிப்போனாள். திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ் ஏறினால், உள்ளே எதிர்வீட்டுப் பெரியம்மா.

"இன்னாம்மா, புள்ளைங்கள இட்டுக்கினு எங்க கெளம்பிட்ட?"

அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "ஒரு கல்யாணம்..." என்று ஆரம்பித்தாள்.

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த அக்கா திரும்பினாள். "கல்யாணம் இல்ல பெரியம்மா. எனக்கு மனசு சரியில்ல. டாக்டரப் பாக்கப் போய்க்கினு இருக்கோம்."

பல நாள் பேசாதவள் பேசியதால் குரல் கரகரத்தது. ஆனாலும் அது அவள் குரல்; முன்சீட்டுக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. அடுத்த நிமிஷம் என்ன தோன்றியதோ, அக்காவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "ஆமாங்க, டாக்டர்கிட்டதான்" என்றாள், அவளும் சத்தமாக. பெரியம்மா ஆஸ்பத்திரி வாசல்வரை எங்களோடு வந்து, எந்த அறை, எந்தக் கிழமை என்று மட்டும் கேட்டுக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா அக்காவோடு தனியாகப் பேசினார், பிறகு அம்மாவோடு. மாத்திரை இருந்தது. வீட்டுக்காரர்கள் செய்யவேண்டியதும் இருந்தது: அதட்டக்கூடாது, அவசரப்படுத்தக்கூடாது, அவள் பேசும்போது குறுக்கே பேசாமல் கேட்கவேண்டும். அப்பாவுக்கு இதில் மூன்றாவதுதான் கஷ்டம். அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். சாயங்காலம் ஒரு முறம் மல்லாட்டையை எடுத்துக்கொண்டு அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உரிப்பார். வாய் திறந்தால் இரண்டு வேர்க்கடலைப் பருப்பைப் போட்டு அடைத்துக்கொள்வார். ஒரு நாள் அக்கா தானாகவே பேச ஆரம்பித்தாள். அன்றைக்கு உரித்ததில் பாதி அவர் வாய்க்குள்தான் போயிருக்கும்.

அக்கா ஒரே மாதத்தில் தேறிவிடவில்லை. ஒரு வருஷம் தள்ளித்தான் பிளஸ் டூ எழுதினாள். இப்போது திண்டிவனத்தில் வேலை பார்க்கிறாள். மனசு கனத்தால் தானே போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறாள். அவள் மேடையில் வாங்கிய கோப்பைகள் வீட்டில் வரிசையாக இருக்கின்றன. நான் என் கல்லூரித் தோழிகளிடம் பெருமையாகச் சொல்வது, பஸ்ஸில் அவள் சொன்னதைத்தான்.

அன்றைக்கு அந்த அறிவெல்லாம் எனக்குக் கிடையாது. இரண்டாம் முறை நாங்கள் விழுப்புரம் போனபோது அதே பஸ்ஸில் பெரியம்மாவும் ஏறினாள். கூடவே, காலேஜை நிறுத்திவிட்டு வீட்டைவிட்டு வெளியே வராமலிருந்த அவள் மகன்.

"புள்ளையோட எங்க, ஊருக்கா?" என்று பின்சீட்டு அம்மாள் ஒருத்தி கேட்டாள்.

பெரியம்மா ஒரு கணம் எங்கள் அக்காவைப் பார்த்தாள். "இல்லம்மா, ஆஸ்பத்திரிக்கு. இவன் மனசுக்குள்ள என்னமோ வச்சி அழுத்திக்கினு கெடக்குறான். காட்டிக்கினு வரலாம்னு" என்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பாரும்மா, நம்ம அக்காவோட டாக்டர்கிட்டயே இவங்களும் வர்றாங்க" என்று அம்மாவின் காதில் புகார் சொன்னேன். அம்மா என்னைச் சேர்த்து அணைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கிறவளுக்கு எதற்குக் கண்ணைத் துடைக்கவேண்டியிருந்தது என்று எனக்கு விளங்கவில்லை.