எட்டாவது சத்தம்

கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, கல்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு கருங்கல் குவாரியில் நான் வெடிக்காரனாக இருந்தேன். லைசென்ஸ் இருந்ததால் ஓனருக்கு என்மேல் மரியாதை. கோபம் வந்தால் மட்டும் ‘யோவ்’.

எத்தனை குழிக்கு மருந்து வைத்தோமோ அத்தனை சத்தம் கேட்க வேண்டும். ஒன்று குறைந்தால் மிஸ்ஃபயர். வெடிக்காத மருந்து உள்ளே கிடக்கிறது, ஒருத்தரையும் பள்ளத்தில் இறக்கக் கூடாது. கணக்குச் சரியாக இருந்தால் விசில் அடிப்பேன். என் விசிலை நம்பித்தான், பாறையில் துளை போடும் டிரில்லர் முருகன் இறங்குவான்.

ஒருநாள் அவன் மனைவி அஞ்சலை சண்டைக்கு வந்தாள். அவளுக்குப் பள்ளத்துக்கு மேலே கல் உடைக்கிற வேலை.

“இன்னாண்ணே, ராத்திரில கூட வெடி போடுறியா? வூட்ல சட்டிபானைலாம் ஆடிக்கினே இருக்குது.”

“அது உன் புருஷன் கொறட்டைம்மா” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஊரில் வேறு சிலரும் இதையே சொன்னார்கள். பூட்டிய குவாரியில் எங்கே வெடி, சும்மா குறை சொல்கிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் எட்டுக் குழி. திரி பற்றவைத்துவிட்டு, ஷெட்டுக்குப் பின்னால் நின்று எண்ணினேன். எட்டுச் சத்தம். கடைசி ஒன்று மட்டும் அமுங்கிக் கேட்டது. பாறை கெட்டி என்று நினைத்துக்கொண்டேன். புகை அடங்கியது. “லாரி நிக்கிதுய்யா, விசிலடி” என்று ஓனர் அவசரப்படுத்தினார். அடித்தேன்.

முருகன் இறங்கினான். கம்ப்ரஸர் ஓட, ஜாக்ஹாமர் அலற ஆரம்பித்தது. நான் டீயை வாய்க்குக் கொண்டுபோனேன். ‘டம்’ என்று அமுங்கிய ஒரு சத்தம். தரை உதறியது, டீ கையில் கொட்டியது, ஷெட் தகரம் கடகடத்தது.

“யோவ், ஆள எறக்கிட்டு வெடி போடுறியா?” என்று ஓனர் கத்தினார்.

“நான் போடலைங்க.”

“நீ போடலன்னா வேற யாருய்யா போட்டது?”

பள்ளத்தை எட்டிப் பார்த்தேன். புகை இல்லை. முருகன் தன் பாட்டுக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தான். அப்போதுதான் உறைத்தது. இது பூமியின் சத்தம். அப்படியானால் சற்று முன் நான் எண்ணிய எட்டில், அமுங்கிக் கேட்ட அந்தக் கடைசி ஒன்றும் இதுதானா?

கத்தினால் அவனுக்குக் கேட்காது. ஓடிப்போய் கம்ப்ரஸரை நிறுத்தினேன். ஜாக்ஹாமர் செத்தது.

“இன்னாண்ணே, பாதி கம்பி எறங்கிடுச்சு!”

“கம்பிய வுட்டுட்டு மேல வாடா!”

அவனை ஏற்றிவிட்டு நான் இறங்கினேன். ஏழு குழி பிளந்திருந்தது. எட்டாவது, உடைந்த கல்லுக்கு அடியில் முழுசாகக் கிடந்தது. திரி பாதியில் அணைந்திருந்தது. முருகன் இறக்கிய துளைக் கம்பிக்கும் அதற்கும் ஒரு சாண்தான் இடைவெளி. எப்படி மேலே ஏறினேன் என்று தெரியவில்லை.

அஞ்சலை அவன் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“இதுவும் இவுரு கொறட்டையாண்ணே?”



பிறகு விசாரிக்க வந்த சுரங்கத்துறை ஆபீசர், சின்ன நிலநடுக்கம் சில சமயம் இப்படிக் கொத்தாக, நாள்கணக்கில் விட்டுவிட்டு வரும் என்றார். ராத்திரியில் வெடி என்று ஊர்க்காரர்கள் சொன்னதும் அதைத்தான்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எண்ணுங்கள். எண்ணிய பிறகும் நீங்களே இறங்கி ஒவ்வொரு குழியையும் கண்ணால் பாருங்கள். அப்புறம் விசில் அடியுங்கள். அதன்பின் நான் அந்தக் குவாரியில் இருந்தவரை அப்படித்தான் செய்தேன். நான் பார்த்துவிட்டு மேலே ஏறும்வரை, அஞ்சலை முருகனின் சட்டையைப் பிடித்துக்கொண்டே நிற்பாள்.