மாஸ்க் போட்டுப் போன ஜான்சி அக்கா

தாம்பரத்தில் வண்டி ஓட்டுகிற பாதிப் பேர் ஜான்சி அக்காவிடம் திட்டு வாங்கியவர்கள்தான். ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு எதிரே, டீக்கடைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவில் இருக்கும் ஜெராக்ஸ் கடை அவளுடையது. லைசென்ஸுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டு, தேதி வாங்கி, பேப்பர்களை அடுக்கிக் கொடுப்பாள். திட்டு இலவசம்.

"கேஸ் தீந்தா தெரியுது, ரீசார்ஜ் தீந்தா தெரியுது, லைசென்ஸ் தீந்தது மட்டும் தெரியாதா? கண்ணு இன்னா முதுகுலயா கீது?" என்று அவள் கேட்டால் பேங்க் மேனேஜர்கூடத் தலையைக் குனிந்துகொள்வார்.

வெள்ளைச் சட்டையில் வருகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். உள்ளே படம் எடுக்கும் இடத்தில் சுவர் வெள்ளை. வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்தால் தலை மட்டும் தனியாக மிதக்கும். அதற்காகவே கடையில் ஒரு நீலச் சட்டை தொங்கும். அறுந்துபோன ஒரு பொத்தானுக்குப் பதிலாக ஜான்சியே சிவப்புப் பொத்தான் ஒன்றைத் தைத்திருந்தாள். அதை மாட்டிக்கொண்டு போய்ப் படம் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த வட்டாரத்தில் எத்தனையோ லைசென்ஸ்களில் அதே சட்டைதான், முகம்தான் வேறு.

இப்பேர்ப்பட்ட ஜான்சியின் சொந்த லைசென்ஸ் காலாவதியாகிப் பதினோரு மாதம் ஆகியிருந்தது.

ஊரார் தேதியையெல்லாம் நாக்கு நுனியில் வைத்திருந்தவள், தன்னுடையதை எடுத்துப் பார்த்ததே போன வாரம்தான். ஒரு வருஷம் தாண்டிவிட்டால் மறுபடியும் மைதானத்தில் எட்டு போட்டுக் காட்ட வேண்டும். அவளிடம் திட்டு வாங்கிய அத்தனை பேரும் டீ கிளாஸோடு வேடிக்கை பார்ப்பார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஆல்வினுக்கு மட்டும் தெரியவே கூடாது.

ஆல்வின் அவள் புருஷன். திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறான். குழாயை மூட மறப்பான், குடையைத் தொலைப்பான், கரண்ட் பில் தேதியைக் கோட்டைவிடுவான். பத்தொன்பது வருஷமாக அவனுடைய மறதியைச் சொல்லிச் சொல்லியே ஜான்சி அந்த வீட்டை ஆண்டுவந்தாள். இது வெளியே வந்தால் ஆட்சி கவிழ்ந்துவிடும்.

ஒரு மதியம் ஷட்டரைப் பாதி இறக்கி, தனக்கே விண்ணப்பம் போட்டு வியாழக்கிழமைக்குத் தேதி வாங்கினாள். அன்றைக்கு மேடவாக்கத்தில் அக்கா ரோஸி வீட்டுக்குப் போவதாக வீட்டில் சொன்னாள். கடையில் உதவிக்கு இருக்கும் சுப்ரஜாவிடமும் அதையே சொல்லிக் கடையை ஒப்படைத்தாள்.

வியாழக்கிழமை ஸ்கூட்டியைப் பக்கத்துத் தெருவில் ஒளித்து நிறுத்தினாள். முகத்தில் மாஸ்க், தலையைச் சுற்றி துப்பட்டா. தன் கடையைத் தானே திருடி மாதிரி தாண்டிப் போய் வரிசையில் நின்றாள். போன் அடித்தது. சுப்ரஜா.

"அக்கா, நீலச் சட்டையக் காணோம். மூணு பேர் வெள்ளைச் சட்டையில நிக்கறாங்க."

"அங்கதாண்டி தொங்கும், நல்லா தேடு" என்று கிசுகிசுத்துவிட்டு வைத்தாள். மேடவாக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள் எதற்குக் கிசுகிசுக்க வேண்டும் என்பது சுப்ரஜாவுக்குத் தோன்றவில்லை. நல்லவேளை.

முறை வந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தாள். எதிரே கம்ப்யூட்டரில் ஸ்நேகா என்கிற சின்னப் பெண். அவளுக்குப் பின்னால் மொத்த வரிசையும் ஜான்சியைப் பார்த்தபடி நின்றது.

"மாஸ்க்க எடுங்கம்மா."

"எடுத்தே ஆகணுமா?"

"மாஸ்க்குக்கா லைசென்ஸ் குடுக்கறோம்?"

எடுத்தாள். வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஐயோ, நம்ம ஜான்சிக்கா! அக்கா, உனக்குமா தீந்துபோச்சு?" வரிசை குலுங்கிச் சிரித்தது. ஒருத்தன் மட்டும் சிரிக்கவில்லை. ஐந்தாவதாக நின்ற அந்த ஆள், மாஸ்க்கை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, முன்னால் நின்ற தடித்தவரின் முதுகில் ஒளியப் பார்த்தான். நீலச் சட்டை. சிவப்புப் பொத்தான்.

"யோவ்!" என்று ஜான்சி வாயைத் திறக்கவும் ஸ்நேகா க்ளிக் செய்யவும் சரியாக இருந்தது.

"அக்கா, கொஞ்சம் கோவமா வந்துடுச்சு" என்று ஸ்நேகா திரையைத் திருப்பிக் காட்டினாள். புருவம் ஒன்று மேலே, மூக்கு விடைத்து, பல் அத்தனையும் வெளியே. திட்டும்போது தன் முகம் இப்படித்தான் இருக்கும் என்று ஜான்சிக்கு அதுவரை யாரும் காட்டியதில்லை. மறுபேச்சில்லாமல் இன்னொரு படத்துக்கு உட்கார்ந்தாள்.

வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்தாள். ஆல்வின் தன் முறை முடிந்து, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான்.

"இன்னாயா, உன் பட்டறைய இங்க மாத்திட்டாங்களா?"

"நீ மேடவாக்கம் போறேன்னியா, அதான் இன்னிக்கி வந்துட்டா தெரியாதுன்னு... சட்டையக்கூட நேத்து ராத்திரியே கடைலேர்ந்து எடுத்துகினேன்."

"எத்தினி மாசமாச்சு?"

"பத்து." அவளைவிட ஒரு மாதம் குறைவு. அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"அப்ளிகேஷன் எவன் போட்டான்?"

"குரோம்பேட்டை ஜெபின் கடைல."

"ஆபீஸுக்கு எதுக்கவே நான் கடை வெச்சிகினு கீறேன், நீ ஜெபின்கிட்ட போனியா? என்கிட்ட சொன்னா இன்னா?"

"உன்கிட்டயா?"

கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே திகைத்துப்போய்க் கேட்டான். அதுதான் ஜான்சிக்குச் சுருக்கென்று தைத்தது. பத்து மாதமாக அவன் தினமும் சிக்னலில் போலீஸைக் கடந்து போயிருக்கிறான், ஆனால் பெண்டாட்டியைக் கடந்து போகத்தான் பயந்திருக்கிறான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

சட்டையைக் கழற்றிக் கடையில் கொடுத்துவிட்டு, தன் வெள்ளைச் சட்டையோடு வந்தான் ஆல்வின். இரண்டு பேருடைய வண்டிகளும் அங்கேயே நின்றன. ஊருக்கெல்லாம் சட்டம் சொன்னவள், புது லைசென்ஸ் கைக்கு வராமல், ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படி வண்டியை எடுப்பாள்? பம்மலுக்கு ஷேர் ஆட்டோ ஏறினார்கள்.

"வேற எதுனா மறைச்சிருந்தா இப்பவே சொல்லிடு. திட்ட மாட்டேன்."

ஆல்வின் அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். "வண்டி இன்சூரன்ஸ்... ஈஸ்டரோட முடிஞ்சுபோச்சு."

ஜான்சி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். "சரி. நாளைக்கு பேப்பர எடுத்துனு வா, பாத்துக்கலாம்" என்றாள், ஆஸ்பத்திரியில் பேசுகிற குரலில்.

ஆல்வின் நகர்ந்து உட்கார்ந்தான். சானடோரியம் ஸ்டாப் போனது, குரோம்பேட்டை போனது. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பல்லாவரம் வருவதற்குள் அவனுக்கு வேர்த்துவிட்டது.

"ஜான்சி, பேஜார் பண்ணாத. திட்டிடு. நீ இப்டி வந்தாதான் பயமா கீது."

"நெஜமாவா?"

"நெஜமா."

பல்லாவரத்தில் ஆரம்பித்தவள் பம்மல் வந்து இறங்கும்வரை நிறுத்தவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் பாவமாகப் பார்த்தார்கள். ஆல்வின் மட்டும் சாய்ந்து உட்கார்ந்து, நிம்மதியாகக் கேட்டுக்கொண்டு வந்தான்.