நானும் வாறேன்

நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்களுக்குச் சத்தியம் செய்து கொடுக்க எனக்கு நேரமில்லை. நான் பி.எஸ்ஸி. கணக்கு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். மந்திரித்த கயிறு, எலுமிச்சம்பழம், வேப்பிலை எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. இதில் ஒரு வரிகூட நான் சேர்க்கவில்லை. எழுதியிருக்கும் மணி எல்லாம் என் கைக்கடிகாரத்தில் பார்த்த மணி.

1991 நவம்பர் 17. ஞாயிற்றுக்கிழமை. சேலையூர். ராத்திரிகூட இல்லை. பட்டப்பகல்.

அப்போது நான் கேம்ப் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். தேவானந்தம் அங்கேதான் பழக்கம். அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா அனுப்பியது என்று ஒரு தடிப் புத்தகத்தைக் கொண்டுவந்து, முழுவதும் நகல் வேண்டும் என்றான். இருநூற்றுச் சொச்சம் பக்கம். நகல் எடுத்துக்கொண்டே படித்தேன். அது ஒரு விளையாட்டு. கேரம் மாதிரிப் பலகை எதுவும் கிடையாது. ஒருத்தர் கதை சொல்லுவார். பாழடைந்த கோட்டை, குகை, பூதம், பிசாசு. மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம். 'கதவைத் தள்ளுகிறேன்', 'கத்தியை உருவுகிறேன்' என்று வாயால் சொன்னால் போதும். அது பலிக்குமா பலிக்காதா என்று பகடை சொல்லும்.

"மூணாவது அட்டவணையை நீங்க கையால மாத்தி எழுதியிருக்கீங்க. தப்பு. இப்படி வெச்சா உங்க பூதம் சாகவே சாகாது" என்றேன்.

அடுத்த ஞாயிறே ஆட்டத்துக்குக் கூப்பிட்டான்.

மொத்தம் மூன்று பேர். கதை சொல்வது தேவானந்தம். ஆடுவது நானும் அவன் சிநேகிதன் ரவியும். ரவிக்கு வாய் மூடாது. "பேரே அம்மணியா? இன்னாடா இது, கூப்ட்டாலே மரியாத குடுத்த மாரி ஆவுது" என்று முதல் நாளே ஆரம்பித்தான். அவனுக்கு வாள்வீரன் வேஷம். எனக்கு என்ன என்று கேட்டேன்.

"சத்திரத்துல பாத்திரம் கழுவற பொண்ணு ஒண்ணு கீது, எடுத்துக்கோ" என்றான் ரவி. தேவானந்தம் சிரித்தான்.

என் அம்மா தனம் நாலு வீட்டில் பாத்திரம் கழுவுகிறவள். இரண்டு பேருக்கும் அது தெரியும். "அதை நீ எடுத்துக்கோ. நான் வைத்தியச்சி" என்றேன். தேவானந்தத்தின் சிரிப்பு எனக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை. அவன் பல் இடுக்கில் எப்போதும் எதையாவது தின்ற மிச்சம் இருக்கும்.

பிறகு ஏன் வாரா வாரம் போனேன் என்று கேட்பீர்கள். வீட்டுக்காக.

மாடம்பாக்கம் ஏரி ஓரம் எங்கள் குடிசை. அந்த மழையில் உள்ளே முழங்கால் தண்ணீர். கட்டில் மேலே அடுப்பு, அடுப்புக்குப் பக்கத்திலேயே படுக்கை. தேவானந்தத்தின் அப்பா வேதசிரோமணி சார் குடும்பத்தோடு குரோம்பேட்டையில் புது வீட்டுக்குப் போய்விட்டார். சேலையூர் பழைய வீடு சும்மா கிடந்தது. பின்பக்கம் கொல்லையைப் பார்த்த அறை ஒன்று உண்டு. அம்மா அதில் தங்கிக்கொண்டு வீட்டைப் பெருக்கித் துடைத்துப் பார்த்துக்கொள்ளட்டும், நீயும் கூட இருந்துக்கோ, வாடகை வேண்டாம் என்றார். "ஏற்கெனவே இருந்த அம்மாவை ஊருக்குப் போகச் சொல்லியாச்சு. வியாழக்கிழமையோட அறை காலி."

ஒழுகாத கூரை. அம்மா அன்றைக்கே மூட்டை கட்டத் தயார். நான்தான் அதட்டி வைத்தேன். "ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்குப் போறப்ப நானே அறையைப் பார்த்துட்டு வரேன். அதுவரைக்கும் நீ அந்தப் பக்கம் போகாத."

ஆட்டம் நடப்பது அந்த வீட்டு முன்ஹாலில்தான்.

மணி 2.05. நான் போனபோது இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். வாசற்படியிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டேன். அப்படி ஒரு நாற்றம். இனிப்பும் புளிப்பும் கலந்த மாதிரி... தொண்டையில் போய் ஒட்டிக்கொள்கிற நாற்றம்.

"எலி செத்திருக்கும்" என்றான் தேவானந்தம். நாலு ஊதுவத்தியைக் கொளுத்தி ஒரு அழுகின வாழைப்பழத்தில் குத்தி வைத்திருந்தான்.

"இது எலியா?"

"சரி, பெருச்சாளி. உக்காரு."

ரவி முட்டை போண்டா வாங்கி வந்திருந்தான். அந்த நாற்றத்துக்கு நடுவில் இரண்டு பேரும் தின்றார்கள். தாள் முழுக்க எண்ணெய். அதன்மேல் பச்சை ஈக்கள். கொழுத்த ஈக்கள். உட்கார்ந்த ஈயை ஊதிவிட்டு ரவி அப்படியே வாயில் போட்டுக்கொண்டான்.

"அந்த அறையை நான் பார்க்கணும்" என்றேன்.

"ஆட்டம் முடியட்டும். இப்பதான் தள்ளிப் பார்த்தேன், திறக்கல. மழைக்கு மரம் உப்பியிருக்கும்."

உட்கார்ந்தேன். அந்த அறை எனக்கு வேண்டும். அதற்காக எதையும் பொறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

புத்தகத்தில் சொன்ன இருபது முகப் பகடை மெட்ராஸில் எங்கேயும் கிடைக்காது. ஹவுசி விளையாட்டின் நம்பர் காய்களில் ஒன்றிலிருந்து இருபது வரை எடுத்துப் பவுடர் டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுப்போம். இருபது வந்தால் நினைத்தது நடக்கும். ஒன்று வந்தால் தொலைந்தோம்.

மணி 2.40. நான் எடுத்த காய் ஈரமாக இருந்தது.

"உன் கை வேர்த்திருக்கும்" என்றான் தேவானந்தம்.

விரலை மோந்து பார்த்தேன். வேர்வை இல்லை. வடித்த கஞ்சி இரண்டு நாள் கிடந்தால் வருமே, அந்த வாடை. பாவாடையில் துடைத்தேன். போகவில்லை.

மணி 3.15. பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம்.

சர்ரக்... சர்ரக்... சர்ரக்...

தேங்காய் நாரால் பாத்திரம் தேய்க்கிற சத்தம். பிறந்ததிலிருந்து கேட்கிறேன், எனக்குத் தெரியாதா?

"யாரு பின்னாடி?"

"பக்கத்து வூடா இருக்கும்" என்றான் ரவி.

அந்த வீட்டுக்கு இரண்டு பக்கமும் காலி மனை. எதிர்வீடு ஒன்றுதான். நான் அதைச் சொல்வதற்குள் சத்தம் நின்றுவிட்டது.

மணி 3.50. கதையில் நாங்கள் கோட்டைக்கு அடியில், கடைசி அறைக்கு வந்திருந்தோம். தேவானந்தம் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "மரக் கதவு. உள்ள தாழ் போட்டிருக்கு. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ இருக்காங்க."

"ஒதைச்சுத் தொறக்கறேன்" என்றான் ரவி.

"இரு. நான் தட்டறேன்" என்றேன். வாயால் சொன்னால் போதும். ஆனால் பழக்கம், விரலை மடக்கி மேஜையில் தட்டிக் காட்டினேன்.

டொக். டொக். டொக்.

வீட்டின் பின்பக்கத்திலிருந்து...

டொக். டொக். டொக்.

ஈக்களின் சத்தம் மட்டும்.

"மச்சான், பேஜார் பண்ணாத. ஆள் செட் பண்ணிக்கீறியா?" என்றான் ரவி.

"இல்லடா. ஓடு மேல மழை சொட்டுது" என்றான் தேவானந்தம். அவன் காது மடல் வெளுத்திருந்தது.

மறுபடி தட்டினேன். இந்தத் தடவை இரண்டே தட்டு.

பின்னாலிருந்து இரண்டே தட்டு.

அப்போதே எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. இவன்தான் யாரையோ ஒளித்து வைத்து, நான் பயப்படுவதைப் பார்த்துச் சிரிக்கப் போகிறான் என்று எனக்குக் கோபம். சிரிக்க விட மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன்.

"சரி. கதவு திறக்குது" என்று அவசரமாகக் கதையை ஓட்டினான் தேவானந்தம். "உள்ள ஒரு கிழவி. பாய்ல படுத்திருக்கா. செத்த பொணம், ஆனா முழிச்சுக்கினு இருக்கு. புத்தகத்துல நாப்பத்தெட்டாம் பக்கம். வெட்டினா நூறு பாயிண்ட்."

"வெட்டறேன்" என்றான் ரவி.

"வெட்டாத" என்றேன். "உங்களுக்கு என்ன வேணும்னு அவங்ககிட்ட கேக்கறேன்."

"பொணத்துகிட்டயா?"

"நான் வைத்தியச்சி. கேக்கறேன்."

டப்பாவைக் குலுக்கி ஒரு காயை எடுத்தேன். இருபது. காய் சொட்டச் சொட்ட ஈரம். டப்பாவுக்குள் மற்ற பத்தொன்பதும் காய்ந்து கிடந்தன.

மணி 4.20. கரண்ட் போனது. மழை வலுத்தது. ஹாலில் சாம்பல் நிற வெளிச்சம்.

"இன்னிக்கு இதோட நிறுத்திக்கலாம்" என்றேன். ஆட்டத்தை நிறுத்தும்போது கதைக்குள் இருக்கிறவர்களிடம் சொல்லிக்கொண்டுதான் கிளம்புவது எங்கள் வழக்கம். அந்தக் கிழவியிடம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "சரிக்கா, நாங்க வரோம்" என்றேன்.

"நானும் வாறேன்."

மெல்லிய குரல். வயசான பொம்பளைக் குரல். தேவானந்தம் எல்லா வேஷத்துக்கும் குரல் மாற்றிப் பேசுவான். அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். கதையில் வரும் கிழவியும் விடைபெறுகிறாள். பதிலுக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். எந்த வீட்டில் யார் கிளம்பினாலும் சொல்கிற வார்த்தைதான்.

"வாங்கக்கா."

சொல்லிவிட்டுத்தான் தலையைத் தூக்கினேன்.

தேவானந்தத்தின் இரண்டு கன்னமும் உப்பியிருந்தது. வாய் நிறைய போண்டா. மெல்லாமல் என்னையே பார்த்தான்.

"மச்சான்..." என்றான் ரவி. "அது உன் வாய்ஸ் இல்லயா?"

தேவானந்தம் தலையை ஆட்டினான். இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. 'வரேன்' இல்லை. 'வாறேன்'. எங்கள் பக்கம் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

நாற்றம் கூடியது.

இப்போது அது பின்பக்கத்திலிருந்து வரவில்லை...

என் பக்கத்திலிருந்து வந்தது.

ரவி ஓடினான். ஒரு செருப்பு வாசலிலேயே கிடந்தது. தேவானந்தம் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, "அம்மணி, நீ போய்ப் பாரேன்" என்றான். அவன் வீடு. அவன் கதை. நான் போய்ப் பார்க்க வேண்டுமாம்.

போனேன். பயம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அருவருப்பு பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

மணி 4.31. கொல்லை. அறைக் கதவு.

கதவுக்கு அடியில் ஈக்கள்... உள்ளே போவதும் வெளியே வருவதுமாக.

தள்ளினேன். மரம் உப்பவில்லை. உள்தாழ்ப்பாள்.

காலை எடுத்தேன். செருப்பு தரையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கதவிடுக்கு வழியாக ஏதோ கசிந்து வந்து படிந்திருந்தது.

தட்டவில்லை. தட்டினால் பதில் வருமே என்று தட்டவில்லை.

எதிர்வீட்டு ஞானம்மாளைக் கூப்பிட்டேன். அவர்கள் வீட்டு ஆள் போய் வேதசிரோமணி சாரையும் போலீஸையும் கூட்டி வந்தபோது மணி ஆறு அடித்துவிட்டது. கடப்பாரையால் கதவை நெம்பினார்கள்.

பாயில் ஒரு அம்மா. பக்கத்தில் கயிறு கட்டின தகரப்பெட்டி. ஊருக்குப் போகக் கட்டி வைத்த பெட்டி. இதற்கு மேல் எழுத மாட்டேன். அவர்கள் கிடந்த கிடையைக் கதையாக்கி விற்க எனக்கு மனசு வரவில்லை.

"ரத்தினபாய்" என்றார்கள் ஞானம்மாள். "நாகர்கோவில் பக்கம். இந்த வீட்டுக்கு வந்து இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு. ஊர்ல யாரும் இல்ல, எங்க போறதுன்னு வியாழக்கிழமை என்கிட்ட வந்து அழுதாங்க."

வந்த டாக்டர் மூக்கில் துணியோடு சொன்னார். "வெள்ளிக்கிழமை ராத்திரியே உயிர் போயிருக்கு. அதுக்குப் பின்னாடி இருக்கவே முடியாது."

தேவானந்தம் கேட்டுக்குள் வரவே இல்லை. அவன் அப்பா வந்தார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"உங்கம்மா நாளைக்கே வந்துட்டா தேவலை, அம்மணி. அறையைக் கழுவி விடணும்ல. பினாயில் நான் வாங்கித் தரேன்."

இன்றைக்கும் அந்த நாற்றத்தைவிட இந்தப் பேச்சுதான் எனக்கு வாந்தியைக் கொண்டுவருகிறது.

"நீங்க கழுவுங்க சார்" என்றேன். ஒழுகாத கூரை அதோடு போயிற்று.

பஸ்ஸில் நல்ல கூட்டம். என் பக்கத்து சீட் மட்டும் மாடம்பாக்கம் வரைக்கும் காலி. உட்கார வந்தவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு தள்ளிப் போனார்கள்.

மணி 7.40. அம்மா கட்டில்மேல் காலை மடக்கி உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். கீழே தண்ணீர். நான் ஈரத்தோடு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வீடு வேண்டாம் என்றேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். படவில்லை. மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

"எப்ப செத்தாங்கன்ன?"

"வெள்ளிக்கிழமை ராத்திரி."

"டாக்டர் சரியாப் பார்த்தானா?"

"ஏம்மா?"

"நீ திட்டுவன்னு சொல்லல. நான் நேத்து போயிருந்தேன்."

"எங்க?"

"சேலையூருக்கு. பதினோரு மணி இருக்கும். கொல்லைப் பக்கமாப் போனேன். அந்தம்மாதான் அறையைக் காட்டுனாங்க. தகரப்பெட்டி மேல உக்காரச் சொன்னாங்க. ரொம்ப நேரம் பேசிக்கினு இருந்தோம். உன்னப் பத்திக்கூட கேட்டாங்க. நீ வந்துட்டியா, இனிமே நான் பொறப்படலாம்னாங்க."



அம்மா இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்தாள். ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிரித்தாள்.

"கிளம்பறப்ப இந்தப் பாக்கைக் குடுத்தாங்க" என்றாள்.

பொட்டலத்தில் பாதிதான் மீதி இருந்தது. அம்மாவின் வாய் சிவந்திருந்தது.