லிஸ்பன் கட்டுரையில் நான் வெட்டிய பத்தி

ரேவதியின் உடலைக் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கலாம் என்று கவுண்டியின் பிரேதப் பரிசோதனை அலுவலகத்தில் நேற்று, செவ்வாய்க்கிழமை, காலை பத்தே காலுக்குச் சொன்னார்கள். சொன்னவர் அங்குள்ள எழுத்தர். ஃபோனில் கேட்டுக்கொண்டது, மில்பிடாஸில் ரேவதியுடன் ஒரே அபார்ட்மென்டில் இருந்த தர்ஷினி. நான் பக்கத்தில் நின்று குறித்துக்கொண்டேன்.

செய்தி எனக்கு ஃபோனில் வந்தது வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. "முதல்ல கதிரையில இருங்கோ அங்கிள்," என்றாள் தர்ஷினி. உட்கார்ந்தேன். அன்று மதியம் இரண்டரை மணி வாக்கில், மழையில், 880 ஃப்ரீவேயில் ரேவதியின் காரை இன்னொரு கார் மோதியிருந்தது. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது என்று வீட்டுக்கு வந்த போலீஸ் அதிகாரி சொல்லியிருக்கிறார். வயது இருபத்தாறு.

சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத் தமிழர்களுக்காக நான் நடத்தும் இந்தச் செய்திமடலைப் படிக்கிற பலருக்கும் அவளைத் தெரியும். தெரியாதவர்களும் அவள் கைபட்ட பக்கங்களைத்தான் இரண்டு வருடமாகப் படித்து வருகிறீர்கள். அவள் என்னிடம் முதலில் பேசியது ஒரு பொங்கல் விழாவில். நான் யார் என்று யாரிடமோ கேட்டுக்கொண்டு நேராக வந்தாள்.

"அங்கிள், நீங்க சென்னையில பெரிய ரிப்போர்ட்டரா இருந்தீங்களாமே?"

"பெரிய எல்லாம் இல்லம்மா. இருபத்தெட்டு வருஷம் இருந்தேன்."

"உங்க செய்திமடல்ல ஹால் அட்ரஸ் தப்பாப் போட்டிருக்கீங்க. மௌரி அவென்யூல மளிகைக்கடை வாசல்ல நாப்பது பேர் பட்டுப்புடவையோட நிக்கறாங்க. நான் ரெண்டு ட்ரிப் அடிச்சு எட்டுப் பேரைக் கூட்டிட்டு வந்துட்டேன். மீதிய நீங்க பாத்துக்குங்க."

அடுத்த இதழிலிருந்து தட்டச்சும் பக்க அமைப்பும் அவள் பொறுப்பு. தமிழ் எழுத்துரு அவளுடைய கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஒழுங்காக வந்தது.

அவள் படித்தது கட்டுமானப் பொறியியல். அதிலும் நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடங்கள். சென்ற நவம்பரில் அவளுடைய பேராசிரியர் அவளை லிஸ்பனுக்கு ஒரு மாநாட்டுக்கு அனுப்பினார். மூன்று நாள் மாநாடு, நாலாவது நாள் ஓய்வு. அந்த ஒரு நாளைப் பற்றிப் பொங்கல் இதழுக்கு எழுதச் சொன்னேன். கையாலேயே ஏழு பக்கம் எழுதிக் கொண்டுவந்தாள்.

இருநூற்றைம்பது வருடத்துக்கு முன் நிலநடுக்கத்தில் இடிந்து, மறுபடி எழும்பிய ஊர் அது. பழைய வீடுகளின் சுவருக்குள்ளே மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கூண்டுபோல் கோத்திருக்கிறார்கள் என்று புத்தகத்தில் படித்திருந்தாள். அதனால் ஆற்றங்கரைச் சதுக்கத்திலிருந்து மேலே போகும் தெருக்களில் கண்ட சுவரையெல்லாம் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே நடந்திருக்கிறாள். ஒரு வீட்டில் உள்ளேயிருந்து கதவைத் திறந்துவிட்டார்களாம். மன்னிப்புக் கேட்டுவிட்டு, திறந்த கதவு வழியாக உள்சுவரையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். மஞ்சள் நிற டிராமில் குன்றேறினாள். நீல ஓடு பதித்த தேவாலயச் சுவருக்கு முன்னால் நின்று, ஓடுகள் எங்கே விரிசல் விட்டிருக்கின்றன என்று குறித்துக்கொண்டாள். தெருமுனையில் கரியடுப்பில் சுட்ட செஸ்ட்நட் கொட்டை விற்றார்கள். வாங்கிக் கையைச் சூடுபடுத்திக்கொண்டு, பிறகு தின்றாள்.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. நாலு மேஜை மட்டும் உள்ள ஒரு சாப்பாட்டுக் கடையில் ஒதுங்கினாள். கடைக்கார அம்மாளுக்கு ஆங்கிலம் தெரியாது. இவள் கையைக் காலை ஆட்டி, கறி வேண்டாம், மீன் வேண்டாம் என்று சொல்ல, அந்த அம்மாள் தலையசைத்து உள்ளே போய் ஒரு மண்கிண்ணத்தில் சூப் கொண்டுவந்து வைத்தார். மசித்த உருளைக்கிழங்கு, நூல் நூலாக அரிந்த கீரை, பக்கத்தில் சோள ரொட்டி. பாதி சாப்பிட்ட பிறகு கிண்ணத்தின் அடியில் சிவப்பாக, வட்டமாக ஒரே ஒரு துண்டு கிடந்தது. பன்றி இறைச்சி. அந்த ஊரில் அந்த சூப்பை அப்படித்தான் கொடுப்பார்கள். கிண்ணத்துக்கு ஒரு துண்டு, மரியாதைக்கு. ரேவதி அதைக் கரண்டியால் ஓரம் ஒதுக்கினாள். சூப்பை முடித்தாள். அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே பார்த்து நின்றார். "கடைசியில் அந்தத் துண்டும் நானும் அந்த அம்மாவும் மட்டும் இருந்தோம். அதையும் சாப்பிட்டேன்" என்று எழுதியிருந்தாள்.

அவள் வீட்டில் முட்டைகூட வராது.

ஏழு பக்கத்தை மூன்றாகக் குறைக்க வேண்டியிருந்தது. நான் இருபத்தெட்டு வருடம் செய்ததையே செய்தேன். முதல் பத்தியை முழுதாக அடித்தேன். புதிதாக எழுதுகிறவர்களின் முதல் பத்தி பெரும்பாலும் பேசுமுன் தொண்டையைச் செருமிக்கொள்வதுதான் என்பது செய்தி அறையில் எங்கள் எண்ணம். ஐந்தாம் பக்கத்தில் இருந்த "அதையும் சாப்பிட்டேன்" என்ற வரியைத் தூக்கி, அது பன்றி இறைச்சி என்று தெரியும்படி, கட்டுரையின் தலையில் வைத்தேன்.

பக்கம் அமைக்க உட்கார்ந்தபோது அவள் கேட்டாள்: "ஆரம்பத்தை எடுத்துட்டீங்களா அங்கிள்?"

"சம்பவத்துலேர்ந்து ஆரம்பிக்கணும்மா. பசி எல்லாருக்கும் வருது. அது செய்தி இல்ல."

"சரி, எடிட்டர் சார்," என்று சிரித்துவிட்டு டைப் அடித்துக் கொடுத்தாள்.

இதழ் நூற்றைம்பது பிரதிகள். அதில் ஒன்றை சான்டா கிளாரா நண்பர் ஒருவர் ஊருக்குப் போகும்போது எடுத்துப்போனார். மன்னார்குடிக்கே போய், "உங்க பொண்ணு என்னமா எழுதறா பாருங்க" என்று பெருமையாக அவளுடைய அப்பாவின் கையில் கொடுத்தார். அவர்மேல் எந்தத் தவறும் இல்லை.

அப்பா ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். நின்றபடியே முதல் வரியைப் படித்துவிட்டு, இதழை மடித்து அலமாரியில் வைத்தாராம். திட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து மகளோடு பேசவில்லை. வாராவாரம் இங்கே வெள்ளிக்கிழமை மாலை, அங்கே சனிக்கிழமை காலை, ரேவதி போன் செய்வாள். அம்மா பேசுவார். அப்பா எங்கே என்றால் கோயிலுக்குப் போயிருக்கிறார் என்பார். ஜூன் மாதப் பட்டமளிப்பு விழாவுக்கு வருவதற்காகப் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தவர், வரவில்லை. "அப்பா கோயில்லயே குடி போயிட்டார் அங்கிள்," என்று என்னிடம் சொல்வாள். பத்து மாதம் இதே ஒரே ஜோக்.

நான் ஒருமுறை கேட்டேன்: "அப்பாவுக்கு நான் ஒரு லெட்டர் போடட்டுமாம்மா?"

"வேணாம் அங்கிள். நீங்க அதையும் எடிட் பண்ணிடுவீங்க. டிசம்பருக்கு டிக்கெட் புக் பண்ணியாச்சு. நேர்ல உக்காந்து சொல்லிக்கறேன்."

வெள்ளிக்கிழமை மாலை மன்னார்குடிக்கு யார் பேசுவது என்ற கேள்வி வந்தது. "நீங்க கதையுங்கோ அங்கிள். என்ர தமிழ் அவையளுக்கு விளங்காது," என்றாள் தர்ஷினி. அவளுடையது யாழ்ப்பாணக் குடும்பம். விளங்காது என்பதல்ல காரணம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஏழு மணிக்கு எண்ணைச் சுழற்றினேன். அது ரேவதி பேசும் நேரம் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. ஒரே மணியில் எடுத்தார்கள். ஆண் குரல்.

"ரேவதியா?"

நான் பெயரைச் சொல்லி, விஷயத்தை ஒரே வாக்கியத்தில் சொன்னேன். சுற்றிவளைப்பது கொடுமை என்று தொழிலில் கற்றது. அவர் கேட்டது இதுதான்:

"கடைசியா என்ன சாப்பிட்டா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னேன். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

தர்ஷினியைக் கேட்டேன். "தயிர்சாதம் அங்கிள். காலமை அவதான் கிண்டினவ. நான் ஊறுகாய் வச்சுக் குடுத்தனான்." பட்டம் வாங்கிய பிறகும் அவள் வேலை செய்துவந்த பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவரை அழைத்து, பன்னிரண்டரை மணிக்கு டப்பாவைத் திறந்து முழுதும் சாப்பிட்டாள் என்று உறுதிசெய்துகொண்டேன். மறுபடி மன்னார்குடிக்குப் பேசினேன். இம்முறையும் அவரே எடுத்தார்.

"அவளே பண்ணினதா?"

"அவளே பண்ணினது."

"வயிறு ரொம்பச் சாப்பிட்டாளா?"

"ரொம்பச் சாப்பிட்டாளாம்."

"சரி," என்றார். பிறகு போனை அவள் அம்மா வாங்கிக்கொண்டார். பத்து மாதமாக அந்தக் கிழமையில் அப்பா போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், மணி அடித்தால் தன்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவார் என்று அம்மாதான் சொன்னார்.

மறுநாள் இந்த அஞ்சலிக்காக என் கோப்பை எடுத்துப் பார்த்தேன். அவளுடைய ஏழு பக்கமும் இருந்தன. அச்சில் வந்த பிரதிகளை மட்டுமல்ல, நான் கோடு போட்டு அடித்த பக்கங்களையும் எறியாமல் வைத்திருப்பது என் பழக்கம். என் சிவப்புக் கோட்டுக்கு அடியில் அவள் எழுத்து தெளிவாகவே தெரிகிறது. பிழை நேர்ந்தால் அடுத்த இதழில் ஒரு மூலையில் திருத்தம் போடுவோம். இது மூலையில் போடுகிற அளவு பிழை இல்லை. வெட்டிய பத்தியை ஓர் எழுத்தும் மாற்றாமல் இங்கே தருகிறேன்.

"மூன்று நாளாக நான் சாப்பிட்டது ரொட்டி, ஆரஞ்சு, விமானத்தில் கொடுத்த உப்புக் கடலை. மாநாட்டில் மதியம் மீன், ராத்திரி மீன், நடுவில் காப்பியிலும் மீன் வாசனை. அம்மா அனுப்பிய பருப்புப்பொடியை ரொட்டியில் தூவித் தின்று பார்த்தேன். அதுவும் நேற்றோடு தீர்ந்தது. நான் எங்கே போனாலும் அப்பா போனில் முதலில் கேட்பது சாப்பிட்டாயா என்றுதான். மூன்று நாளும் சாப்பிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டேன். இன்று எப்படியாவது சூடாக ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு, அப்பாவிடம் உண்மையைச் சொல்லவேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் ஊர் சுற்றக் கிளம்பினேன்."

பசி செய்தி இல்லை என்று நான் சொன்ன பத்தி இது. இதோடு படித்திருந்தால் அவர் கோபித்திருக்கவே மாட்டார் என்று நான் எழுத முடியாது. அது எனக்குத் தெரியாது. படிக்கிற வாய்ப்பு அவருக்குக் கிடைக்காமல் செய்தது நான் என்பது தெரியும்.

அவளுடையது என்று என்னிடம் இருப்பவை அந்த ஏழு தாள்கள். அவற்றில் ஆறு என்னிடம் இருக்கும். முதல் தாள் என்னுடையது அல்ல.

இந்த இதழ் இன்று, புதன்கிழமை, நகலெடுக்கப் போகிறது. ரேவதியின் அப்பாவுக்குச் சென்னைத் துணைத் தூதரகத்தில் நாளைக் காலை நேர்காணல் கொடுத்திருக்கிறார்கள். பட்டமளிப்புக்கு எடுத்த அதே பாஸ்போர்ட்டுடன் போகிறார். அம்மாவுக்குப் பாஸ்போர்ட் இல்லை. விசா கிடைத்ததா என்பது வியாழன் காலை நாம் எழுந்திருக்கும்போது தெரிந்திருக்கும். கிடைத்தால் சனிக்கிழமை மதியம் சான் ஃபிரான்சிஸ்கோவில் வந்து இறங்குவார். தகனம் ஞாயிறு காலை பதினொரு மணிக்கு. கிடைக்காவிட்டால் தகனத்தை யார் செய்வது என்று அவரைக் கேட்டுத்தான் முடிவு செய்யவேண்டும். இன்னும் கேட்கவில்லை. விமான நிலையத்துக்குக் காரை ஓட்டுவது தர்ஷினி. முதல் தாளோடு நானும் போகிறேன். வீட்டிலிருந்து தயிர்சாதம் கட்டிக்கொண்டு போகிறோம். அவர் என்றைக்குச் சாப்பிட்டாரோ, தெரியவில்லை.