தங்கையை மாடிக்கு அனுப்பிய நாங்கள்

தங்கை எங்களை விட்டுப் போய் இன்றோடு ஒரு வருடம். இந்த நினைவு மலருக்குப் படித்தவர் யாரையாவது எழுதச் சொல்லலாம் என்றார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் கல் சுமக்க வந்த இந்த மைசூரில் இன்று நான் வீடு கட்டாத தெரு இல்லை. என் தங்கையைப் பற்றி நானே எழுதுவேன்.

எங்கள் ஊர் கௌதள்ளியில் பிறந்தாள். கட்டட வேலைக்கு நான் வந்தபோது கூடவே வந்து சோறாக்கிப் போட்டாள். நல்ல இடம் பார்த்து நான்தான் கட்டிக்கொடுத்தேன். மாப்பிள்ளை தங்கமானவர். இரண்டு பிள்ளைகளை ஆளாக்கினாள். நம் சொந்தத்தில் யார் வீட்டு வளைகாப்பு என்றாலும் முதல் வளையல் போட அவளைத்தான் கூப்பிடுவீர்கள்.

நாற்பத்தெட்டு வயதில் கருப்பையில் புற்றுநோய் என்றார்கள். ஆபரேஷன் ஆயிற்று, கதிர்வீச்சு என்கிற கரண்டும் வைத்தார்கள். பெரிய டாக்டர், தனி ரூம், எல்லாம் என் ஏற்பாடு. இனி பயமில்லை என்று டாக்டர் சொன்னதும் என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். தங்கை குளிக்கிற அறைக்குள் போய் அழுகிறாள் என்று என் மனைவி சொன்னபோது, உடம்புதான் தேறிவிட்டதே என்று அவள் வாயை அடைத்தேன்.

பார்க்க வந்த நீங்கள் என்ன செய்தீர்கள்? ஆரஞ்சுப் பழத்தை வாசலோடு கொடுத்துவிட்டுப் போனீர்கள். அவள் கொடுத்த காபியைத் தொடவில்லை. ஒட்டிக்கொள்ளுமாம். எந்த டாக்டர் சொன்னார்?

என் மூத்த மகளின் வளைகாப்பன்று, கருப்பை எடுத்தவள் வளையல் போடக்கூடாது என்று பெரியவர்கள் என் காதில் ஓதினார்கள். நூறு ஆளை வேலை வாங்கும் நான் அதற்குத் தலையாட்டினேன். வளையலோடு நின்ற தங்கையிடம், "நீ மாடில போயி கொஞ்சம் படும்மா" என்றேன்.

"ண்ணா, டாக்டரு கருப்பையத்தானே எடுத்தாரு, கையையுமா எடுத்துப்போட்டாரு?"

வளையலை என்னிடம் கொடுத்துவிட்டு மாடி ஏறினாள். அதன்பின் எந்த விசேஷத்துக்கும் வரவில்லை. மறுபடி ரத்தம் பட்டபோது யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடம் போனபோது காலம் கடந்துவிட்டது. ஏன் மறைத்தாய் என்று மாப்பிள்ளை கேட்டதற்கு, "சொன்னா மறுக்கா ஒதுக்கி வெப்பாங்க" என்றாளாம்.

நன்றி சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மா ஒருவருக்குத்தான் சொல்வேன். சொந்தமும் இல்லை, சாதியும் இல்லை. தினமும் வந்து தலைவாரிவிட்டு, அவள் கையால் காபி வாங்கிக் குடித்து, அவள் சொல்வதையெல்லாம் உட்கார்ந்து கேட்டார். அவர் காலைத் தொட்டு வணங்குகிறேன்.

அடுத்த மாதம் இளைய மகளுக்கு வளைகாப்பு. என் தம்பி மனைவிக்கும் போன தையில் இதே ஆபரேஷன் ஆகியிருக்கிறது. முதல் வளையல் அவர்தான் போடுவார். பத்திரிகை எல்லோருக்கும் வரும். ஆட்சேபணை உள்ளவர்கள் என் காதில் ஓத வேண்டாம். வாசலில்தான் நிற்பேன், அங்கே உரக்கச் சொல்லுங்கள்.