சைவ வீட்டுக்கு வந்த சினை நண்டு

மீன் படிக்கிற தொழிலில முதல் கஷ்டம் மீனில்லை, வீடு. மீன்வளமும் வனசீவராசிப் பாதுகாப்பும் எண்டு நீட்டிப் பேர் வைச்ச ஒரு பட்டப்படிப்பில நான் இப்ப கடைசி வருசம். ஊர் யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கம், சரவணை. மீன், இறைச்சி எண்டு ஒரு மச்சமும் வாசல்படி தாண்டாத வீடு. தாதி வேலைக்குப் போய் இரத்தத்தைக் கண்டு மயங்கி விழுந்த ஆக்கள், வாத்தியாராப் போய் பிள்ளையளுக்குப் பயந்த ஆக்கள் எல்லாரும் வாங்கோ, பக்கத்தில இருங்கோ. என்ரை கதையைக் கேட்டால் உங்கட பாடு கொஞ்சம் லேசாத் தெரியும்.

மணம்

முதல் வருசம் சூரை மீன் ஒண்டைக் கீறி உள்ளுக்கு இருக்கிறதெல்லாம் அடையாளம் காட்டவேணும். அதுவரைக்கும் நான் கத்தரிக்காயைத் தவிர வேறொண்டும் வெட்டினதில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வெட்டினதில பாதி மீன், பாதி என்ரை கையுறை.

பின்னேரம் வீட்டை வந்தால் படலையடியிலயே அம்மாவின்ரை சட்டம் தொடங்கும். நேரா கிணத்தடிக்குப் போகவேணும். வெள்ளைக் கோட்டுக்கு வேலியோரம் தனிக் கொடி. சவுக்காரம், தேசிக்காய், மஞ்சள் எல்லாம் போட்டுத் தேய்ச்சுக் குளிச்சிட்டு வந்து நிண்டன். அம்மா ஒருக்கா மோந்து பார்த்திட்டு ரெண்டடி பின்னால போனா.

"டொக்டருக்குப் படிக்கிற பிள்ளையள் பிணத்தை வெட்டிப்போட்டும் வீட்டை வருகுதுகள். அதுகள் இப்பிடி மணக்கிறேல்லை."

சாக்கு

ரெண்டாம் வருசம் நெடுந்தீவுக் குதிரையளைப் பார்க்கப் போனம். கோடை. குறிகாட்டுவானில வள்ளம் ஏறின நேரம் தொடக்கம் இறங்கும் வரைக்கும் நான் சத்தி எடுத்தன். கடலைப் பாதுகாக்க வந்த பிள்ளையைக் கடலுக்குப் பிடிக்கேல்லை எண்டு பொடியள் பகிடி பண்ணினவங்கள்.

குதிரை என்ன தின்னுது எண்டு அறிய அதின்ரை லத்தியைச் சேர்க்கவேணும். வெட்டவெளியில கையுறையும் இடுக்கியுமா நாங்கள் ஒவ்வொரு உருண்டையாப் பொறுக்கி, சின்னச் சின்னப் பையில போட்டுப் பேர் எழுதிறம். கல்வேலிக்கு அங்காலை ஒரு அக்கா குதிரையளுக்குக் கிணத்தில தண்ணி அள்ளித் தொட்டியில ஊத்திக்கொண்டு நிண்டவ. தாய்க்குதிரையும் குட்டியும் அவவின்ரை கைக்குக் கிட்ட நிண்டு குடிக்குதுகள். அந்த வெயிலில அப்பிடி அள்ளுறதைப் பார்க்க எனக்குக் கையெடுத்துக் கும்பிடவேணும் போல இருந்தது. அவ எங்களைப் பார்த்துத்தான் பாவப்பட்டா.

"தோட்டத்துக்குப் பசளையோ பிள்ளையள்? இந்தப் பையில எப்ப நிரப்புறது! பொறுங்கோ, நான் சாக்கு எடுத்தாறன்."

கடன் நண்டு

இனித்தான் கதை. கடைசி வருச ஆய்வுக்கு நான் எடுத்தது சினை நண்டு. வலையில படுகிற நண்டுகளில வயித்தடியில முட்டையோட வாறதுகளும் இருக்கும். அதுகள் அப்பிடியே நண்டு வாங்கிற கொம்பனிக்குப் போனால் அத்தனை குஞ்சும் போச்சு. தாயைக் கொஞ்ச நாள் கடல்தண்ணியில வைச்சுப் பொரிக்கவிட்டு, குஞ்சைக் கடலுக்கும் தாயைப் பிடிச்ச ஆளுக்கும் குடுக்கலாமோ எண்டு பார்க்கிறதுதான் என்ரை வேலை. முதல் கொண்டுபோன நண்டுகள் பல்கலைக்கழகம் போய்ச் சேர முன்னமே செத்துப்போச்சுதுகள். இந்தமுறையும் பொரிக்காட்டில் தலைப்பை மாத்தவேணும், மற்றவையோட பட்டம் வாங்கேலாது எண்டு ஆய்வைப் பார்க்கிற சேர் சொல்லிப்போட்டார்.

நண்டு கேட்டு நாரந்தனைக்குப் போனன். போனது ஞாயிற்றுக்கிழமை காலமை! கரையில வள்ளங்களைத் தவிர ஒரு குருவியும் இல்லை. சனம் முழுக்கத் தேவாலயத்துப் பூசையில. வெயிலில காய்ஞ்சுகொண்டு நிண்டன். பூசை முடிஞ்சு வெள்ளைச் சேட்டோட வந்த சவிரி அண்ணை, வலைப்பாடு நல்லாத் தெரிஞ்ச மனுசன், முழுக்கதையும் கேட்டார். "மத்தியானம் நண்டுக்கறி, சாப்பிட்டிட்டுப் போம்" எண்டார். நான் சைவம் எண்டு சொல்லத் தலையைச் சொறிஞ்சார். பிறகு விழுந்து விழுந்து சிரிச்சார்.

"அப்பச் சரி பிள்ளை. நான் தாற நண்டு உம்மட சட்டிக்குள்ள போகாது எண்டு நம்பித் தரலாம்."

மாட்டுக்கொட்டில்

நண்டு கிடைச்சது. ஆனால் தூரம் கொண்டுபோனால் இதுவும் சாகும். கிட்ட, நிழலா, கரண்ட் உள்ள இடம் ஒண்டுதான், எங்கட வீடு. அப்பா மோட்டச்சைக்கிளில மண்கும்பான் கடல்தண்ணி கான் கானாக் கொண்டுவரச் சம்மதிச்சார். அம்மாவிட்டைச் சொல்லுற வேலையை மட்டும் எனக்கு விட்டிட்டுத் தோட்டத்துக்கு மாறிட்டார்.

"நண்டோ? இந்த வீட்டிலயோ?" எண்டு அம்மா கேட்ட கேள்விக்கு அயல்வீட்டு நாய் குலைச்சது. கெஞ்சிக் கூத்தாடி, மாடில்லாத மாட்டுக்கொட்டிலில ஒரு மூலை வாங்கினன். வாளியில நண்டை விட்டு, மீன்தொட்டிக்கு வைக்கிற சின்ன மோட்டரால காத்து விட்டன். காத்து நிண்டால் நண்டுக்கு மூச்சு முட்டும் எண்டு அப்பாவுக்கு நான் சொல்லிக்கொண்டு நிக்க, அம்மா முந்தானையால மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தா. வயித்தடியில செம்மஞ்சளாத் திரண்டு கிடந்ததைக் காட்டி என்னெண்டு கேட்டா. முட்டை, சினைப்பட்ட நண்டு எண்டன். மூக்கில இருந்த கை மெல்ல இறங்கிச்சுது.

"வயித்துப்பிள்ளைக்காரியை ஏனடி இந்த நெருக்கல் வாளிக்குள்ள வைச்சிருக்கிறாய்? குசினிக்குப் பின்னால பெரிய பேசின் கிடக்கு, எடு."

கரண்ட்

முட்டை செம்மஞ்சளில இருந்து கறுத்தால் பொரிக்கப் போகுது எண்டு அர்த்தம். நல்லாக் கறுத்திருந்த அண்டைக்குப் பார்த்து எனக்குச் சேரோட சந்திப்பு. யாழ்ப்பாணத்தில நிக்க அப்பா போன் பண்ணினார். லைன் வேலையாம், காலமை தொடக்கம் கரண்ட் இல்லையாம். சேரிட்டைச் சொல்லிப்போட்டு பஸ் ஏறினன். பண்ணைப் பாலத்தில பஸ் ஊருது. செத்திருக்கும், என்ரை பட்டமும் போச்சு எண்டு அழுதுகொண்டே வந்தன்.

ஓடிவந்து கொட்டிலுக்குள்ள பார்த்தால், பேசினுக்குப் பக்கத்தில பலகை போட்டு அம்மா இருக்கிறா. கையில அரிசி அளக்கிற சுண்டுப் பேணி. தண்ணியைக் கோலி, தலைக்கு மேல தூக்கி, தேத்தண்ணி ஆத்துற மாதிரி நுரைக்க நுரைக்கத் திரும்பப் பேசினுக்குள்ள ஊத்திறா. காத்து உள்ளுக்குப் போகுதாம்! சீலை முழுக்கக் கடல்தண்ணி. அடுப்பு மூட்டேல்லை, தானும் சாப்பிடேல்லை. நண்டு கால்களை ஆட்டிக்கொண்டு உயிரோட கிடக்கு. நான் அம்மாவைக் கட்டிப்பிடிச்சு அழுதிட்டன். இப்பிடி ஒரு மனுசியை எந்தப் பல்கலைக்கழகத்திலையும் நான் காணேல்லை.

"விடு, மணக்குது. இந்தா, நீ கொஞ்சம் ஊத்து, எனக்குத் தோள் கழண்டுபோச்சு."

துடக்கு

அடுத்தநாள் விடியப் பார்த்தால் தண்ணி முழுக்க உயிருள்ள தூசி. கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாத குஞ்சுகள், வெளிச்சம் வாற பக்கமா அள்ளுப்பட்டுக்கொண்டு நிக்குதுகள். சேர் போனில வீடியோவைப் பார்த்திட்டு "இன்னும் சில நண்டு இப்பிடிப் பொரிக்க வையும், போதும்" எண்டார். நானும் அப்பாவும் குஞ்சுகளை மண்கும்பான் கடலில ஊத்திப்போட்டு வந்தம்.

எங்கட பக்கம் வீட்டில பிள்ளை பிறந்தால் துடக்கு, ஒரு மாதம் கோயில் வாசல் மிதிக்கிறேல்லை. "இஞ்சேரும், இப்ப எங்களுக்கும் துடக்கோ?" எண்டு அப்பா பகிடி விட்டார். அம்மா முறைச்சா. ஆனால் மழை வெள்ளத்திலையும் வெள்ளிக்கிழமைக் கோயில் தவறாத மனுசி, அந்த வெள்ளி போகேல்லை. ஏனெண்டு கேட்டதுக்குப் பதில் கறாரா வந்தது.

"எனக்கு முழங்கால் நோகுது. வேற ஒண்டுமில்லை."

சொன்ன சொல்

பேசினபடி தன்ரை நண்டை எடுக்கச் சவிரி அண்ணை மீன் வைக்கிற வெள்ளை ரெஜிபோம் பெட்டியோட வந்தார். வீட்டுக்குள்ள மச்சம் வைக்காத அம்மா நண்டைத் தானே பேசினோட தூக்கிக்கொண்டு வந்தா. மேல ஈரச்சாக்கு. பெட்டிக்குள்ள மாத்தும் வரைக்கும் பக்கத்திலயே நிண்டா. "பிள்ளை பெத்த உடம்பு தம்பி. வெயில் படாமல் பார்த்துக் கொண்டுபோங்கோ" எண்டா. கொம்பனிக்கு விக்கிறதுக்கு நண்டு எடுக்க வந்த மனுசன் வாயைத் திறந்தார், மூடினார், என்னைப் பார்த்தார், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிட்டார்.

பின்னேரம் போன் எடுத்தார். அந்த நல்ல மனுசன் சொன்னதை அப்பிடியே எழுதிறன்.

"பிள்ளை, கொம்பனிக்குக் குடுக்கக் கை வரேல்லை, கடலிலயே விட்டிட்டன். உமக்கு இன்னும் நண்டு தாறன், ஓம், எத்தினையெண்டாலும் தாறன். ஆனால் நான் திருப்பி எடுக்க வாற நேரம் உம்மட அம்மாவை எங்கையாவது கோயிலுக்கு அனுப்பிவிடும்."

துடக்குக் காக்கிற மனுசியை நான் எந்தக் கோயிலுக்கு அனுப்புறது, நீங்களே சொல்லுங்கோ!