மூன்று எஞ்சின் சக்களத்தி

என் கணவர் ஒரு விமானத்தை 'அவ' என்றுதான் சொல்வார். தமிழில் விமானம் என்பது 'அது'. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு உயர்திணை, அஃறிணை என்று வருஷக்கணக்காகக் கத்தினவள் நான். வீட்டில் இருக்கிற ஒரு மனுஷனைத் திருத்த முடியவில்லை. வளைகுடாவில் அவர் மெக்கானிக்காக இருந்த விமானக் கம்பெனியில் வெள்ளைக்கார சூப்பர்வைசர்கள் விமானத்தை 'ஷீ' என்பார்களாம். அதை அப்படியே மூட்டை கட்டி பெங்களூர் ஆஸ்டின் டவுனில் இருக்கிற எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். எங்கள் வீட்டில் ஸ்கூட்டர் 'அது', ஃப்ரிட்ஜ் 'அது', அந்தப் பிளேன் மட்டும் 'அவ'.

அவளுடைய சரித்திரத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். அமெரிக்காவில் அவளை வாங்கப்போகிற கம்பெனிகளுக்குள் தகராறு. ஒருத்தருக்கு நாலு எஞ்சின் வேண்டும், இன்னொருத்தருக்கு இரண்டு போதும். கடைசியில் மூன்று என்று பேசி முடித்தார்கள். பங்காளிகள் பஞ்சாயத்தில் பிறந்த பிளேன், அவ்வளவுதான். இரண்டு எஞ்சினை வால் பக்கத்தில் ஆளுக்கொரு பக்கமாக மாட்டினார்கள். மூன்றாவதற்கு இடமில்லை. முதுகின் மேல் ஓட்டை வைத்து, காற்றை வளைத்து இழுத்து, எஞ்சினை வாலுக்குள் திணித்தார்கள். அந்த வளைவை என் கணவர் கையால் காற்றில் வரைந்து காட்டுவார். தேர்த் திருவிழாவுக்கு மாதா சொரூபத்தை ஜோடிக்கிறவர்கள் முகத்தில் கூட அவ்வளவு பக்தியை நான் பார்த்ததில்லை.

வந்த புதிதில் சில விமானங்கள் விழுந்து ஆட்கள் செத்தார்கள். ஜனங்கள் ஏறப் பயந்தார்கள். "அவ மேல தப்பே இல்ல. அவ சர்ருனு எறங்குவா. பைலட்டுங்களுக்கு அவளை ஓட்டத் தெரியல" என்பார். பைலட்டுகளுக்கு மறுபடி பாடம் எடுத்த பிறகு நல்ல பேர் வந்ததாம். சின்ன ஓடுபாதையிலும் இறங்குவாள், வாலுக்கு அடியில் சொந்தமாகப் படிக்கட்டு வைத்திருப்பாள், யாருடைய ஏணிக்கும் காத்திருக்க மாட்டாள். அந்தப் படிக்கட்டு வழியாகத்தான் கடத்தல்காரன் ஒருத்தன் பணத்தோடு நடுவானில் குதித்துக் காணாமல் போனான். திருடனுக்கு வழி விட்டதைக்கூடப் பெருமையாகச் சொல்கிற மனுஷனை என்னவென்று சொல்வது. கடைசியில் எரிபொருளையும் குடித்து, சத்தத்தால் ஊரையும் வதைத்தாள். விமான நிலையங்களைச் சுற்றி இருந்தவர்கள் சண்டை போட்டார்கள், சத்தத்துக்குச் சட்டம் வந்தது. கொஞ்ச காலம் பார்சல் ஏற்றினார்கள், பிறகு காயலான் கடைக்கு அனுப்பினார்கள். இவர் பெட்டியோடு பெங்களூர் வந்து சேர்ந்தார்.

வந்தவர் பாதிச் செவிடாக வந்தார். அது அவருக்குத் தெரியாது, அல்லது தெரியாதவர் மாதிரி இருந்தார். காது கேட்காதவர்கள் கத்திப் பேசுவார்கள். பழைய மெக்கானிக்குகள் வாட்ஸ்அப்பில் குழு வைத்து அவளைப் போற்றிப் பாடுவது போதாதென்று ஒருவருக்கொருவர் போன் வேறு. ஒருநாள் மாடியில் நின்று இவர் கத்தியது தெருமுனைவரை கேட்டது. "அவளை மாரி ஒருத்தி இனிமே பொறக்க மாட்டாடா. கடைசியா அவளைத் தொட்டுட்டு வந்தப்ப அழுதுட்டேன்."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் வீட்டுக்கே வந்துவிட்டார். தேநீர் குடித்தார், தொண்டையைச் செருமினார். "வெளிநாட்டுல இருந்தப்ப சாருக்கு வேற எதாச்சும் பழக்கம்…" என்று இழுத்தார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த படத்தைக் காட்டினேன். "இவதான் ஃபாதர். நல்லா பாருங்க, மூணு எஞ்சின்." அவர் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டைப் பார்த்து நானும் சிரித்தேன். என் கணவர் எதுவும் கேட்காமல் எங்களோடு சேர்ந்து சிரித்தார். அவர் அப்போதெல்லாம் அப்படித்தான். மற்றவர்கள் சிரித்தால் சிரிப்பார், மற்றதற்கெல்லாம் தலையாட்டுவார். கேஸ் தீர்ந்துவிட்டது என்றால் "ஆமா, நல்லா இருக்கு" என்பார். நான் பேசுவதைக் குறைத்துக்கொண்டே வந்தேன். வருஷத்துக்கு ஒரு மாசம் லீவில் வந்த காலத்திலேயே நாங்கள் இதைவிட அதிகமாகப் பேசியிருக்கிறோம்.

மகள் வற்புறுத்தி டாக்டரிடம் கூட்டிப்போனாள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்துவிட்டு டாக்டர் என்னிடம்தான் பேசினார். இப்போதே காதில் மெஷின் வைத்தால் பேச்சைப் பிடித்துக்கொள்ளலாம். தள்ளிப்போட்டால் வார்த்தைகளைப் பிரித்துப் புரிந்துகொள்கிற பழக்கம் மூளைக்கு விட்டுப்போகும். அப்புறம் மெஷின் வைத்தாலும் இரைச்சல்தான் கேட்கும், பேச்சு கேட்காது. இதற்கு ஜெட் எஞ்சின் பக்கத்தில் வேலை பார்த்ததுதான் காரணம் என்று எழுதியும் காட்டினார்.

அதைப் படித்ததும் என் கணவர் எழுந்துவிட்டார். "அவ மேல பழி போடாதீங்க டாக்டர். வயசாச்சு, அதான்." மெஷினைத் தொடக்கூட இல்லை. காதுக்கு மூடி ஏன் போடவில்லை என்று டாக்டர் கேட்டதற்கு, மூடி போட்டால் எஞ்சினில் எங்கே கோளாறு என்று எப்படிக் கேட்பது என்று டாக்டரையே திருப்பிக் கேட்டார். அவருடைய அப்பா கோலார் தங்கச் சுரங்கத்தில் தூசியைத் தின்று நெஞ்சு அடைத்து இருமி இருமிச் செத்தவர். அவரும் கடைசிவரை மைன்ஸைக் குறை சொல்ல விட்டதில்லை. தங்களைத் தின்றதைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிற பரம்பரை. எனக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். உன் அவ உன்னைத் திரும்பிப் பார்த்தாளா, ஒரு கடுதாசி போட்டாளா என்று கத்தியிருக்கிறேன். அவர் தலையாட்டுவார்.

இப்படி மாசங்கள் போயின. அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு மகள் எங்களை ஒயிட்ஃபீல்டுக்கு அழைத்தாள். அவளுடைய அபார்ட்மெண்ட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் யாரோ பழைய விமானத்தைக் கொண்டுவந்து வைத்து ஓட்டலாக்கியிருந்தார்கள். மெட்ரோவில் போனோம். தூரத்திலேயே வாலைப் பார்த்துவிட்டார். "அவதான்" என்று என் கையைப் பிடித்தார். கடைசியாக எப்போது பிடித்தார் என்று எனக்கு ஞாபகமில்லை.

அந்த ஓட்டலைப் போல ஒரு கூத்தை நான் கண்டதில்லை. உடம்பு முழுக்கக் கத்தரிப்பூ நிறத்தில் பெயிண்ட். மெனு கார்டுக்கு போர்டிங் பாஸ் என்று பெயர். அடுப்புப் புகையை வெளியேற்ற நடு எஞ்சினைத்தான் குழாயாக்கியிருந்தார்கள். எந்த வளைவை இவர் காற்றில் வரைந்து காட்டுவாரோ, அதன் வழியாகத் தந்தூரிக் கோழியின் புகை போய்க்கொண்டிருந்தது. இவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், உள்ளூர ஆசையும் பட்டேன். அவரோ வாலுக்கு அடியில் இருந்த படிக்கட்டில் குழந்தை மாதிரி ஏறினார். கடைசி வரிசையில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்தார். மூன்று எஞ்சினும் அங்கேதான் நன்றாகக் கேட்குமாம். அரை மணிக்கொரு தடவை நிஜமான எஞ்சின் சத்தத்தை ஸ்பீக்கரில் போடுவார்கள் என்று மகள் ஏற்கெனவே அவருக்கு மெசேஜ் அனுப்பியிருந்தாள். அவர் வந்ததே அதற்காகத்தான்.

சர்வர் பையன் வந்து, "டேக் ஆஃப் ஆக்தா இதே மேடம், பெல்ட் ஹாக்கொள்ளி" என்று கன்னடத்தில் பெல்ட் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனான். விளக்குகள் மங்கின. இவர் அப்போது எங்களுக்கு முதுகைக் காட்டி, பின்சுவரில் இருந்த ஆணி வரிசையை விரலால் தடவிக்கொண்டிருந்தார். சத்தம் எழுந்தது. முதலில் விசில் மாதிரி மெலிதாக, அப்புறம் ஏறி ஏறி, காதைத் துளைக்கிற கீச்சொலியாக. முன்வரிசையில் குழந்தை ஒன்று வீறிட்டு அழுதது. ஆட்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என் மகளும் பொத்திக்கொண்டாள். பிறகு சத்தம் தணிந்தது, விளக்கு வந்தது, எல்லோரும் சாப்பாட்டுக்குத் திரும்பினார்கள்.

என் கணவர் சுவரை விட்டுத் திரும்பினார். முகம் இன்னும் ஆவலாக இருந்தது.

"எப்ப சத்தம் போடுவாங்க?"

மகள் தட்டைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக அவரை மடக்க நான் தேடிக்கொண்டிருந்த பதில் இதோ கைக்கு வந்துவிட்டது, அதை எடுக்கக் கை வரவில்லை. ஸ்பீக்கர் ரிப்பேராம் என்று சொல்லிவிடலாம். அவர் ஓட்டல்காரனைத் திட்டிக்கொண்டே கோழியைத் தின்பார், வீட்டுக்குப் போய் நண்பர்களிடம் போனில் சொல்லிச் சிரிப்பார், இன்னொரு வருஷம் போகும், டாக்டர் சொன்னது நடந்து முடிந்துவிடும். அந்தக் கத்தரிப்பூ நிறத் தகரத்தை அன்றைக்கு வெறுத்த மாதிரி நான் எதையும் வெறுத்ததில்லை. வாழ்நாளெல்லாம் தன்னைத் தூக்கிப்பிடித்த மனுஷனுக்குத் தன் சத்தத்தைக்கூட அவள் மிச்சம் வைக்கவில்லை.

அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, என் உதடு தெரியும்படி மெதுவாகச் சொன்னேன்.

"போட்டு முடிச்சாச்சுங்க."

அவர் மகளைப் பார்த்தார். அவள் தலையைத் தூக்கவில்லை. முன்வரிசையில் அந்தக் குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது, அதையும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். அவர் இவ்வளவு மெல்லப் பேசி நான் கேட்டு எவ்வளவோ காலமாகிறது.

"நல்ல சத்தமா இருந்துச்சா?"

இரண்டு கைகளையும் தூக்கி என் காதுகளைப் பொத்திக் காட்டினேன்.